காருக்குப் புத்தகம் இருந்தது: ஒரு மொரிஸ் மைனரும் சப்ரகமுவத் தோட்டங்களும்

தெரணியகலையிலிருந்து மாலிபொடைப் பக்கம் ஏறும் ரோட்டில் கார் மூணாவது தடவையும் நின்றுவிட்டது.

நாங்க நாலு பேர். கலைப்பீடத்தில் படிக்கிறோம். லீவுக்கு வீட்டுக்கு வந்த இடத்தில், கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில் வயசானவங்க சொல்ற கதைகளைப் பதிவு செய்யலாம்னு கிளம்பினோம். அந்த ரோட்டில் பஸ் குறைவு. அதனால எங்களில் ஒருத்தனோட சித்தப்பா தன்னுடைய பழைய மொரிஸ் மைனரைக் கொடுத்து, "ஏத்தத்துல நின்னுச்சின்னா பயப்படாதீங்க. பொனட்டத் தொறந்து அரை மணித்தியாலம் ஆறவிடுங்க, திரும்ப எடுக்கும்" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்னபடியே நின்றது. ஆறவிட்டோம். எடுத்தது. ரெண்டு வளைவு தாண்டி மறுபடி நின்றது. மூணாவது தடவை நின்றபோது மழையும் பிடித்துக்கொண்டது. காரைத் திருப்பி, இறக்கத்தில் நியூட்ரலில் போட்டுப் பஜார் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து, ஒரு பழைய கராஜில் விட்டோம். கராஜ்காரருக்கு எழுபது வயசிருக்கும். ஊரே அவரை 'பாஸ்' என்று கூப்பிடும். நாங்க மாமா என்று கூப்பிட்டோம்.

அன்றைக்கு நாங்க பதிவு செய்யப் போன கதை கிடைக்கவில்லை. ஆனா அந்தக் காரின் வயரிங்கைப் பிரித்த ஒன்றரை நாளில், எங்க ஊரின் வரலாற்றில் புத்தகத்தில் படித்த பல விஷயங்கள் வேறு மாதிரி புரிந்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். நடுவில் கொஞ்சம் மெக்கானிக் வேலையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்க.

கார் இல்லாட்டி இந்தத் தோட்டம் இல்லை

மலையகம்னு சொன்னதும் எல்லாருக்கும் தேயிலைதான் ஞாபகம் வரும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த மலைகளில் எங்க ஆளுங்க பலருக்கு வேலை கொடுத்தது ரப்பர். கொழுந்து எடுக்கிறதுக்குப் பதிலாகப் பால் வெட்டு. விடியும் முன்னே மரத்துக்குப் போகணும். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது.

ரப்பர் இந்த நாட்டு மரம் இல்லை. பிரேசிலில் ஹென்றி விக்காம் சேர்த்த விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, 1876இல் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். அதுக்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலைமையை மாற்றியது மோட்டார் கார். டன்லொப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888இல். ஃபோர்ட் தன்னுடைய மொடல் டி காரை விற்கத் தொடங்கியது 1908இல். டயருக்கு ரப்பர் வேணும். 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. அந்த வருஷங்களில்தான் களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் காடு வெட்டி ரப்பர் நட்டார்கள். 1912இல் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை இரத்தினபுரி வரை நீண்டது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த ஆட்கள் இந்த மலைகளுக்குள் நுழைந்ததும் இதே காலத்தில்தான்.

அதாவது, எங்க தாத்தாவின் தாத்தா இங்கே வந்து சேர்ந்ததுக்கு ஒரு காரணம், எங்கேயோ அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜனங்க கார் வாங்கத் தொடங்கியது. அவர் ஒரு காரையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார்.

தோட்டத்துக்குள் கார் வந்தபோது அது தொரைக்கு வந்தது. பங்களா வரைக்கும் கார் ரோடு போட்டார்கள். அந்த ரோட்டுக்குக் கல் உடைத்தவங்க, ஓரத்தில் கான் வெட்டினவங்க, தொரையின் காரைக் கழுவினவங்க, சேற்றில் புதைந்தால் தள்ளினவங்க எல்லாரும் லயத்து ஆட்கள். கழுவித் தள்ளியவங்களில் சிலர் மெதுவாக ஸ்டியரிங் பக்கமும் போனார்கள். சிலர் பொனட்டுக்குள்ளே தலையை விட்டார்கள். மாமாவின் குருநாதர் அப்படி வந்தவர்தான்.

1948 ஒக்டோபர், 1948 நவம்பர்

மொரிஸ் மைனர் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது 1948 ஒக்டோபரில், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இங்கிலாந்தில் பிறந்தவர் இல்லை. துருக்கியின் ஸ்மிர்னாவில் 1906இல் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் போரில் எரிந்தபோது, அவருடைய குடும்பம் பிரித்தானியப் பிரஜைகள் என்பதால் பிரித்தானியக் கடற்படை அவர்களைக் கப்பலில் ஏற்றி மால்டாவுக்குக் கொண்டுபோனது. அந்தக் குடியுரிமை இல்லாமலிருந்தால் அந்தப் பையன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்திருப்பானா, இந்தக் கார் வந்திருக்குமா என்று நாங்க யோசித்தோம்.

ஏன் யோசித்தோம்னா, அதே 1948இல் இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். பெப்ரவரி 4இல் சுதந்திரம். நவம்பர் 15இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. அப்பா இங்கே பிறந்திருக்கணும், இல்லாட்டி அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்கணும், அதையும் நிரூபிக்கணும். லயத்தில் பிறந்தவங்களில் எத்தனை பேர் கையில் அப்பாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்திருக்கும்? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் பிரஜாவுரிமை இல்லாமல் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றிருந்தது. 1952 தேர்தலில் ஒன்றும் இல்லை.

அடுத்த சில வருஷங்களில் மொரிஸ் மைனர் இலங்கை ரோடுகளில் எங்கும் தெரிகிற காராகிவிட்டது. 1950இல் கொரியப் போர் தொடங்கியதும் ரப்பர் விலை ஏறியது. 1952இல் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் வந்தது. எங்க ஆளுங்க வெட்டின பாலில் நாட்டுக்குச் சோறும் வந்தது, காரும் வந்தது. வந்து இறங்கிய ஒவ்வொரு காருக்கும் ஒரு பதிவுப் புத்தகம் கிடைத்தது. எந்த நாட்டில் செய்தது, எந்த வருஷம், எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், உரிமையாளர் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். பால் வெட்டினவருக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

சித்தப்பாவின் கார் 948 சீசீ எஞ்சினோடு வந்த மொரிஸ் 1000. நம்பர் '1 ஸ்ரீ' என்று தொடங்கும். அந்த 'ஸ்ரீ'க்கும் ஒரு கதை இருக்கிறது. 1957 தொடக்கத்திலிருந்து வாகன இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் போட்டார்கள். வடக்கில் தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துத் தமிழ் எழுத்தில் 'ஸ்ரீ' போட்டு வாகனம் ஓட்டியது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. அந்தக் கொந்தளிப்பு தோட்டங்களுக்கும் வந்தது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். மே மாதம் நாடு முழுக்கக் கலவரம். இன்றைக்கு அந்தத் தகடு ஒரு அழகான பழைய பொருள். '1 ஸ்ரீ' கார் என்றால் விலையே வேறு. நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தவங்கதான், மறைக்கவில்லை.

ஒரு செக்கனுக்கு நூறு பொறி

இனி காருக்குள்ளே வருவோம். பெட்ரோல் எஞ்சின் ஓட ஒவ்வொரு சிலிண்டரிலும் சரியான நேரத்தில் ஒரு மின்பொறி வேணும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒரு செக்கனுக்கு நூறு பொறி. பெட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ட் வேணும்.

இதுக்கு வழி கண்டவர் அமெரிக்கப் பொறியியலாளர் சார்ல்ஸ் கெட்டரிங். அவருடைய முறை 1910 வாக்கில் கடிலாக் கார்களுக்கு வந்தது. கொயிலுக்குள் ரெண்டு சுருள். முதல் சுருளில் பெட்டரிக் கரண்டை ஓடவிட்டு, திடீர்னு நிறுத்தினால், ரெண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும். அந்தத் திடீர் நிறுத்தத்தைச் செய்வதுதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ட். திறந்து மூடும் ஒரு சின்ன சுவிட்ச், அவ்வளவுதான். மொரிஸ் மைனரில் அதன் இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. "கேஜ் இல்லாத காலத்துல நெருப்புப் பெட்டி அட்டைய வச்சே பார்த்துக்கிட்டோம்" என்றார் மாமா.

பொயின்ட் தேயும், கருகும். அடிக்கடி உரசி, சரி பார்க்கணும். அதனால 1960களில் டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த வேலையை மின்னணுப் பாகத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1973இல் கிரைஸ்லர் தன்னுடைய கார்களுக்கு இதைப் பொதுவாக்கியது. இப்போது பழைய கார்களுக்கென்றே சின்னதாக ஒரு மொடியூல் விற்கிறார்கள். பொயின்டையும் கொண்டென்சரையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூட்டலாம். தண்டில் ஒரு காந்த வளையம் சுற்றும். மொடியூல் அதை உணர்ந்து கரண்டை நிறுத்தும். பெரும்பாலும் ரெண்டே வயர்தான். ஒண்ணு கொயிலின் பிளஸ்ஸுக்கு, மற்றது மைனஸ்ஸுக்கு.

சித்தப்பா ரெண்டு வருஷத்துக்கு முன்னே அப்படி மாற்றினார். அதுக்கும் காரணம் நாட்டு நிலைமைதான். 2020 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் பெட்ரோலுக்குக் கியூவில் நின்று, கியூஆர் கோட் காட்டி எண்ணெய் அடித்தோம். பழைய காரெல்லாம் கொட்டிலில் இருந்து வெளியே வந்தது அப்போதுதான். நல்ல பொயின்ட் கிடைக்காமல், கிடைத்ததும் சீக்கிரம் கருகிப்போக, சித்தப்பா எலெக்ட்ரோனிக்குக்கு மாறினார். மாற்றிய கொஞ்ச நாளில் கார் ஏத்தத்தில் நிற்கத் தொடங்கியது. எல்லாரும் மொடியூலைத்தான் குறை சொன்னார்கள். கழற்றிப் புதுசு போட்டார். அதுவும் நின்றது. மறுபடி புதுசு. அதுவும் நின்றது.

"பெட்டரியில இருந்து வாங்க"

மாமா மொடியூலைத் தொடவே இல்லை. "புதுசா வந்தவன் மேல பழி போடுறது லேசு தம்பி. கரண்டு எங்கேருந்து பொறப்படுது? பெட்டரியில. அங்கேருந்து வாங்க" என்றார்.

முதலில் பார்த்தது, பெட்டரியின் எந்தக் கால் பொடியில் பூட்டியிருக்கிறது என்று. அந்தக் காலத்து மொரிஸ் மைனரில் பிளஸ்தான் பொடியோடு சேரும். இன்றைய கார்களுக்கு நேர் எதிர். விற்கும் மொடியூல்களில் பல மைனஸ் பொடிக்கென்றே செய்தவை. அதைப் பார்க்காமல் பூட்டினால் சாவி போட்ட கையோடு மொடியூல் போய்விடும். இந்தக் காரில் யாரோ முன்னமே சரியாக மாற்றியிருந்தார்கள். பெட்டரி 12.6 வோல்ட். அதில் பிழை இல்லை.

அடுத்தது வயரின் நிறம். லூக்காஸ் வயரிங்கில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பிரவுன் வயர் பெட்டரியிலிருந்து நேராக வரும். வெள்ளை வயர் சாவி போட்ட பிறகு கரண்ட் வரும் வயர், கொயிலுக்குப் போவதும் அதுதான். பச்சை ஃபியூஸைத் தாண்டி வருவது. கறுப்பு பொடிக்குப் போவது. ஆனா எங்க கார் வயரெல்லாம் துணி சுற்றிய பழைய வயர். அறுபது வருஷத்து எண்ணெயும் தூசும் ஏறி எல்லாமே ஒரே மண் நிறம். ஒரு பல்பில் ரெண்டு வயர் பூட்டிய டெஸ்ட் லேம்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயராகத் தேடினோம். கொயிலுக்கு வரும் வெள்ளை வயருக்கு ஃபியூஸ் கிடையாது. தவறி பொடியில் பட்டால் வயரே எரியும். அதனால ஒருத்தர் எப்போதும் பெட்டரி கிளிப்பில் கை வைத்துக்கொண்டே நின்றோம்.

சாவியைப் போட்டுக் கொயிலின் பிளஸ்ஸில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. நாங்க "சரியாத்தானே இருக்கு மாமா" என்றோம்.

"கரண்டு ஓடாம நிக்கிறப்ப எல்லாக் கொழாயிலயும் தண்ணி நெறஞ்சுதான் இருக்கும். தெறந்துவிட்டுப் பாக்கணும்."

மொடியூல் கரண்டை நிறுத்தி வைத்திருக்கும் இடத்தில் எஞ்சின் நின்றிருந்தால், கொயில் வழியாக ஒன்றும் ஓடாது. ஓடாதபோது வழியில் உள்ள குறை தெரியாது. மாமா மொடியூலின் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, கொயிலின் மைனஸிலிருந்து பொடிக்கு ஒரு துண்டு வயரைச் சில செக்கன் மட்டும் பிடித்தார். இப்போது கொயிலின் பிளஸ்ஸில் 9 வோல்ட்.

எங்களில் உயர்தரத்தில் விஞ்ஞானம் தொடங்கி, பாதியில் கலைக்கு மாறியவள் ஒருத்தி இருக்கிறாள். எங்க பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவைத் தேடிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று இதை வாசிக்கும் சிலருக்குத் தெரியும். அவள்தான் கணக்குப் போட்டாள். கொயிலின் தடை ஏறக்குறைய 3 ஓம். முழு 12 வோல்ட்டும் வந்தால் 4 அம்பியர் ஓடணும். கொயிலில் 9 வோல்ட் என்றால் ஓடுவது 3 அம்பியர். மிச்ச 3 வோல்ட் வழியில் எங்கேயோ போகிறது. அந்த இடத்தின் தடை 1 ஓம். அந்த ஒரே இடத்தில் 9 வாட் சூடு.

அதுதான் ஏத்தத்தின் ரகசியம். எஞ்சின் சூட்டில் அந்த இடமும் சூடாகித் தடை இன்னும் ஏறும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பெட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கினால் கொயிலுக்குக் கிடைப்பது ஏழரை. மொடியூலுக்கும் அதே இடத்திலிருந்துதான் கரண்ட். பொயின்ட் என்றால் குறைந்த வோல்ட்டிலும் மங்கலாக ஒரு பொறி கொடுத்துச் சமாளிக்கும். மொடியூல் சமாளிக்காது, நின்றுவிடும். பழைய குறை பல வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. புதுசாக வந்த பாகம் அதை வெளியே காட்டிவிட்டது.

உறுதி செய்ய மாமா பெட்டரியிலிருந்து நேராகக் கொயிலின் பிளஸ்ஸுக்கு ஒரு தனி வயர் இழுத்து, மொடியூலைத் திரும்பப் பூட்டி, மாலிபொடை ஏத்தத்தில் ஓட்டச் சொன்னார். கார் நிற்காமல் ஏறியது. இப்படி நேர் வயர் போட்டால் சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்காது, வயரைக் கழற்றினால்தான் நிற்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. இது சோதனைக்கு மட்டும்.

முடிச்சு

மறுநாள் காலை டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தேடியபோது அது கிடைத்தது. சாவி சுவிட்சுக்குப் பின்னால், வெள்ளை வயரின் நடுவில் ஒரு முடிச்சு. துணி டேப் சுற்றியிருந்தது. டேப் கருகி உதிர்ந்தது. உள்ளே வேறு ஏதோ ஒரு தடித்த வயரின் துண்டை, காரின் மெல்லிய வயரோடு முறுக்கியிருந்தார்கள். செம்பு பச்சை பிடித்திருந்தது.

மாமா அதை வெட்டியெடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது யாரு போட்டதுன்னு தெரியாது. எந்தக் காலத்துல போட்டதுன்னு தெரியும். இது கார் வயர் இல்ல, ஸ்டோருல மெஷினுக்குப் போடுற வயரு. கார் வயர் கெடைக்காத காலம்."

1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி சுருங்கிவிட்டது. 1970க்குப் பிறகு உதிரிப் பாகமும் அரிது. அப்போது நிதியமைச்சராக இருந்த கலாநிதி என். எம். பெரேரா, எங்க பக்கத்து யட்டியாந்தோட்டைத் தொகுதி எம்.பி. 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த இடதுசாரிகளில் அவர் முக்கியமானவர். தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த கட்சியின் தலைவர். அவருடைய காலத்தில்தான் அரிசிக்கும் மாவுக்கும் வரிசை. 1974 வாக்கில் தோட்டங்களில் பட்டினிச் சாவே நடந்தது. ஒரு மனிதரை ஒரே வசனத்தில் நல்லவர், கெட்டவர் என்று எழுத முடியாது என்பதை எங்க விரிவுரைகளை விட இந்த முடிச்சு நன்றாகச் சொல்லித்தந்தது.

பாகம் இல்லாத அந்த வருஷங்களில்தான் இலங்கையின் மெக்கானிக்குகள் மெக்கானிக்குகள் ஆனார்கள். டயர் டியூபில் வாஷர் வெட்டினார்கள். தகரத்தைத் தட்டி மட்கார்ட் செய்தார்கள். அந்தக் கைப்பழக்கம் எவ்வளவு தூரம் போனது என்றால், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ல்ஸ் வேர், காரின் தகட்டுப் பாகங்களை இலங்கையில் கையால் செய்வித்து அங்கே எடுத்துப்போனார்.

மாமாவின் குருநாதரும் அந்தக் காலத்து ஆள்தான். ரப்பர் ஸ்டோரில் எஞ்சின் டிரைவராக இருந்து, தொரையின் காரைப் பார்க்கத் தொடங்கி, பஜாரில் கராஜ் போட்டவர். மாமா பத்து வயசில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனாராம். "கொயில தொடுறதுக்கு ரெண்டு வருசம் வுடல. பெட்டரித் தண்ணி மட்டும் ஊத்தச் சொல்வாரு."

அந்தக் குருநாதர் பெயர் வேறொரு பட்டியலில் இருந்தது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரை ரெண்டு அரசாங்கமும் பிரித்துக்கொண்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவங்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போகும் ரயிலை எங்க ஜனங்க 'ஒப்பாரிக் கோச்சி' என்று கூப்பிட்டார்கள். அங்கேயிருந்து கப்பலில் இராமேஸ்வரம்.

"கிளம்புற அன்னைக்கும் காலையில ஒரு லொறிக்கு பொயின்ட் வச்சிட்டுத்தான் போனாரு. டெஸ்ட் லேம்ப எனக்குக் குடுத்தாரு. இதான் அது."

நாங்க ஒன்றரை நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த டெஸ்ட் லேம்ப். பல்பையும் வயரையும் எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறார். பிடி அதேதான். கொஞ்ச காலம் கடிதம் வந்ததாம். 1977இலும் 1981இலும் 1983இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது, மாமா குடும்பமும் ரெண்டு தடவை காட்டுக்குள் ஒளிந்திருந்தது. அந்த ஓட்டத்தில் கடிதங்களும் போய்விட்டன, விலாசமும் போய்விட்டது.

புத்தகத்தில் இல்லாத பெயர்

முடிச்சு இருந்த இடத்தில் புது வயர் போட்டு, ஈயம் பற்றவைத்து, சுவிட்சையும் கழற்றிச் சுத்தம் செய்தோம். கரண்ட் ஓடும்போது மீட்டரை வைத்தால் வழியில் குறைவது அரை வோல்ட்டுக்கும் கீழே. அன்றைக்கு மத்தியானமே மாலிபொடைக்குப் போய்வந்தோம்.

அன்று இரவு சித்தப்பாவிடம் காரின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஐந்து உரிமையாளர்களின் பெயர் வரிசையாக இருக்கிறது. முதலில் ஒரு தோட்டத்துத் தொரை. பிறகு மூணு பேர், பஜாரிலும் அவிசாவளையிலும் இருந்தவங்க. ஐந்தாவது சித்தப்பா. அவர்தான் அந்த வரிசையில் லயத்தில் பிறந்த முதல் ஆள். காரின் நிறம் மாறினால்கூட அந்தப் புத்தகத்தில் எழுதணும். யார் கழுவினார்கள், யார் ஓட்டினார்கள், வயர் இல்லாத காலத்தில் ஸ்டோர் வயரை முறுக்கி யார் அதை ஓடவைத்தார்கள் என்பதுக்கு அதில் இடமில்லை.

1948இல் போன குடியுரிமை, இங்கே மிஞ்சியிருந்தவங்களுக்கு முழுசாகத் திரும்பியது 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான். 55 வருஷம். மாமாவின் குருநாதர் மாதிரி அதுக்கு முன்னமே கப்பல் ஏறியவங்களுக்கு அது பிந்திப் போன சட்டம்.

எங்க வரலாற்றை எழுதும்போது நாங்களும் பெரும்பாலும் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் தலைவர்களையும் கூட்டுத்தொகைகளையும் எழுதுகிறோம். அது தேவை. இந்தக் கட்டுரையிலும் அதைத்தான் நிறைய எழுதியிருக்கிறோம். ஆனா 525,000 என்ற எண்ணுக்குள்ளே ஒரு மெக்கானிக் இருந்தார், கிளம்பிய காலையிலும் வேலை செய்தார் என்பது, மாமா இல்லாட்டி எங்களுக்குத் தெரிந்திருக்காது. மாமாவுக்குப் பிறகு அவருடைய வேலை தெரிந்தவரும் அந்தக் கராஜில் இல்லை.

அதனால ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். உங்க தோட்டத்தில், பஜாரில், டிரைவராக, மெக்கானிக்காக, ஸ்டோர் எஞ்சின் பார்த்தவராக, டிங்கர் வேலை செய்தவராக இருந்த பெரியவங்களிடம் போய் உட்காருங்க. முதலில் அவங்க யாரிடம் வேலை பழகினார்கள் என்று கேளுங்க. அந்தக் குருநாதர் எங்கே போனார் என்று அடுத்தது கேளுங்க. அவங்க சம்மதித்தால் பதிவு செய்யுங்க, எங்களுக்கும் எழுதுங்க. தமிழ்நாட்டில் இருந்து இதை வாசிக்கிறவங்க, உங்க ஊரில் 1970களில் இலங்கையிலிருந்து வந்து கராஜ் வைத்தவர் யாராவது இருந்தால் விசாரியுங்க.

வெட்டியெடுத்த அந்த முடிச்சு இப்போ எங்களிடம்தான் இருக்கிறது. மாமா குப்பையில் போடப் போனார், நாங்க கேட்டு வாங்கிக்கொண்டோம். "இத வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறீங்க?" என்று சிரித்தார். அவருடைய பெயரையும் குருநாதரின் பெயரையும் ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அடுத்த பக்கங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன.